படம் நிற்கிறது, சத்தம் ஓடுகிறது

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் சம்பத் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். "அன்னன்னைக்கு நடக்கறத தேதி போட்டு எழுதி வைங்க நல்லசிவம். நீங்க அமைதியா, ஒழுங்கா இருந்தீங்கங்கறதுக்கு நாளைக்கு அது ஒரு ஆதாரமா இருக்கும்" என்றார். எழுதுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு எழுத என்ன பயம்?

முதலில் விவரம். தாராபுரத்தில் மங்களம் ஸ்டூடியோ என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, சீர், எதுவானாலும் போட்டோவும் வீடியோவும் எடுப்பேன். கேமரா என் வேலை. எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்சிங் வேலையை என் மனைவி பூங்கொடி செய்துவந்தாள். போன மாதம் அவள் காங்கேயத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் சும்மா போகவில்லை. நான் அடித்தேன் என்று மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இடது காது கேட்கவில்லையாம். இருபதாம் தேதி விசாரணை.

எனக்குக் கோபம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. வந்த வேகத்தில் போய்விடும். அடுத்த நிமிஷம் நான் மறந்துவிடுவேன். மற்றவர்கள்தான் மறக்கமாட்டேன் என்கிறார்கள்.

நான் அடித்ததாக அவள் சொல்லும் அந்த வியாழக்கிழமை நடந்தது இதுதான். பின்னறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதைப் பார்த்துத் தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். எடிட்டிங் சொல்லித் தருகிறாளாம், இன்டர்நெட்டில் போடுவதற்கு. முன்னால் கடையில் ஆள் காத்திருக்கிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். எழுந்தவள் லைட் ஒயர் தடுக்கி விழுந்தாள். மேசையும் சாய்ந்தது. கம்ப்யூட்டரும் கேமராவும் தரைக்கு வந்தன. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனது. கேமராவின் லென்சும் திரையும் நொறுங்கிப்போயின.

ஆனால் கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டு பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு நடந்தது அத்தனையும் அந்தக் கார்டில் இருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, நான்தான் அங்கே இருந்தேனே. அதை இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டினால் போதும். கேஸ் அன்றைக்கே முடிந்துவிடும், பூங்கொடியும் மறுபேச்சு இல்லாமல் வீட்டுக்கு வருவாள்.

ஜூன் 5, வியாழன்

கார்டில் இருக்கும் ஃபைல் போனில் திறக்க மாட்டேன் என்கிறது. புதுக் கேமரா, ஃபைல் கனம். வேறு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால் ஓட்டித் தருவார்கள்தான், ஓட்டிவிட்டு ஊர் முழுக்கச் சொல்லவும் செய்வார்கள். என் குடும்ப விஷயத்தை அடுத்தவன் கடையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? என் கம்ப்யூட்டரையே சரி செய்வது என்று முடிவு செய்தேன்.

புது ஹார்ட் டிஸ்க் வாங்கி நானே மாட்டினேன். பூங்கொடி இரண்டு வருஷத்துக்கு முன்பே கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தாள். அது இலவசம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், திருட்டு சாப்ட்வேர் வைத்துப் பிழைக்க வேண்டாம் என்பாள். அந்தப் பென்டிரைவ் அவள் மேசையிலேயே கிடந்தது. சொருகினேன். கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று தட்டினேன். ஏறிவிட்டது. இதற்குத்தான் அவ்வளவு அலட்டலா என்று சிரித்தேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. எழுத்தெல்லாம் பலகையில் எழுதியது மாதிரி பெரிது பெரிதாகத் தெரிகிறது. ஃபைலைத் திறந்தால் படம் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. பூங்கொடியின் பாதி முகம், வாய் திறந்தபடி. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு படம் வருகிறது, அதுவும் கட்டம் கட்டமாக உடைந்து.

சத்தம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. அவள் குரல். கதவுச் சத்தம். என் குரல். பிறகு ஏதோ விழுகிறது. மறுபடி ஏதோ விழுகிறது. மறுபடியும். ஒரு ஆள் தடுக்கி விழுந்தால் சாமான்கள் ஒவ்வொன்றாகத்தானே விழும். சத்தத்தை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. குறைத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

ரூபன் வந்தான். என்னிடம் எட்டு வருஷமாக இரண்டாவது கேமரா பிடிக்கிறவன். கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே சொன்னான்.

"படத்த ஓட்டற கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போடலைங்ணா. கார்டு உள்ள இருக்குது. ஆனா அதுகிட்ட எப்படி வேல வாங்கறதுன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது. அதச் சொல்லித் தர்ற சாப்ட்வேருதான் டிரைவரு."

"அப்பப் போடு."

"எனக்குத் தெரியாதுங்ணா. அக்காதான் போடுவாங்க. அக்காவுக்கு ஒரு போன் அடிச்சுக் கேட்டம்னா..."

என் கையில் லைட் ஸ்டாண்டு இருந்தது. திரும்பினேன். அது அவன் தோள்பட்டையில் பட்டது. திரும்பியதில் பட்டது. பையை எடுத்துக்கொண்டு, தோளை ஒரு கையால் பிடித்தபடி போய்விட்டான். எட்டு வருஷம் சோறு போட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம்.

ஸ்டாண்டு கோணிவிட்டது. நிமிர்த்தி வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

டிரைவரை நானே போடுவது என்று உட்கார்ந்தேன். கிராபிக்ஸ் கார்டு கம்பெனியின் வெப்சைட்டுக்குப் போய் டிரைவரை இறக்கினேன். விண்டோஸில் இரண்டு தட்டுத் தட்டினால் ஏறிவிடும். இங்கே எத்தனை தட்டினாலும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து அதில் கட்டளை அடிக்க வேண்டும் என்று யாரோ யூடியூபில் சொன்னான். அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டை அடித்தால் ஒரு எழுத்து விழவில்லை. புள்ளிகூட விழவில்லை.

கீபோர்டில் கோளாறு என்று நினைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். மறுபடி அடித்தேன். விழவில்லை. பலமாக அடித்தேன். அப்புறம் கீபோர்டைத் தூக்கி மேசை விளிம்பில் போட்டேன். ஒரு தடவை போட்டதும் கை நிற்கவில்லை. எழுத்துக் கட்டைகள் அறை முழுக்கச் சிதறின. கடைசியில் கையில் ஒயர் மட்டும் இருந்தது. மாடியில் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் எப்போதும் அப்படித்தான், என்ன ஏது என்று கேட்கவே மாட்டார்கள்.

கோபம் தணிந்த பிறகு போனில் தேடிப் பார்த்தேன். லினக்ஸில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் எதுவும் தெரியாதாம். பக்கத்தில் இருப்பவன் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நான் அடித்தது ஒவ்வொன்றும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

புதுக் கீபோர்டு வாங்கினேன். "போன மாசந்தான வாங்கிட்டுப் போனீங்க" என்றான் கடைக்காரன். வேறு கடை பார்க்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

டெலிகிராமில் தமிழில் லினக்ஸ் பேசுகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. நல்லு என்ற பெயரில் சேர்ந்து என் சங்கடத்தை எழுதினேன். மயிலாடுதுறையில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஹபீபா என்ற பெண் உடனே பதில் போட்டார்.

"கம்பெனி சைட்லேர்ந்து இறக்குனத தூக்கிப் போட்ருங்க அண்ணே. விண்டோஸ் பழக்கத்துல எல்லாரும் பண்ற தப்புதான். உங்க சிஸ்டத்துக்குள்ளயே டிரைவர் போடுற இடம் இருக்கு. அங்கேர்ந்து போட்டாத்தான் ஒழுங்கா நிக்கும்."

மரியாதையாகத்தான் பேசினார். அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொன்றும் எழுதினார். "இந்தக் கேள்விக்கெல்லாம் முன்னாடி பூங்கொடி அக்காதான் பதில் சொல்வாங்க. ஒரு மாசமா ஆளையே காணோம். யாருக்காச்சும் அவங்களப் பத்தித் தெரியுமா?"

அதன் கீழே ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு அக்காதான் சொல்லித் தந்தார், என் கம்ப்யூட்டரை அவர்தான் மீட்டுக் கொடுத்தார், அவர் இருந்தால் திட்டாமல் சொல்வார். கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி வந்துகொண்டே இருந்தார்கள். இத்தனை பேரிடம் இவள் எப்போது பேசினாள்? நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன்.

நானும் ஒரு வரி போட்டேன். 'தெரியாது.'

ஜூன் 12, வியாழன்

ஹபீபா சொன்ன இடத்தில் போய் டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் ஏதோ பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். ஏறியது. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னது. போட்டேன். தொடங்கும்போது நீலமாக ஒரு திரை வந்து இங்கிலீஷில் நாலைந்து வரி காட்டியது. எனக்கு எதற்கு அந்தக் கதை? எண்டரைத் தட்டினேன். போய்விட்டது. உள்ளே போனால் அதே பெரிய எழுத்து, அதே பாதி முகம்.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி நீலத் திரை, மறுபடி எண்டர், மறுபடி பாதி முகம். மத்தியானம் வரைக்கும் இதே வேலை.

விசாரணை நெருங்குகிறது. இந்த நீலத் திரை என்ன கேட்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் காங்கேயத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன். அதை வக்கீலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டைத் தட்டினேன். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன். பழைய கேட், கொண்டி கழன்று விழுந்துவிட்டது. பூங்கொடியின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி வாசலுக்கு வந்தார்.

"மாப்ள, வெளியவே நில்லுங்க. உள்ள கால் வெக்காதீங்க."

"எம் பொண்டாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். கம்ப்யூட்டர் விஷயம்."

"கேள்வி கேக்கறவன் கேட்ட ஒடச்சுட்டா வருவான்?"

நான் உள்ளே நடந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் அவரைத் தள்ளினேன், தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் விழுந்தார். எழுந்து வந்து என் வாயிலேயே குத்தினார். கீழ் உதடு பிளந்து ரத்தம் கொட்டியது. ஒரு கையால் என் கையைப் பின்னால் முறுக்கி, இன்னொரு கையால் கழுத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டார், வேறு வழி இல்லாமல் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். விடவில்லை. நானும் விடவில்லை. அவர் ரத்தமா என் ரத்தமா என்று தெரியாமல் வாயெல்லாம் உப்புக் கரித்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

பூங்கொடி ஜன்னலில் நின்றிருந்தாள். "அந்த நீலத் திரைல என்னடி அடிக்கோணும்?" என்று கத்தினேன். வலது காதை என் பக்கம் திருப்பினாள். இடது காது கேட்கவில்லை என்று எல்லோருக்கும் காட்ட வேண்டுமே. பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 13, வெள்ளி

உதடு வீங்கிவிட்டது. தயிர்சாதம் மட்டும். வக்கீலுக்கு விஷயம் போய்விட்டது. இனிமேல் காங்கேயம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று திட்டினார். "அந்தக் கேமரா ஃபைல் என்னங்க ஆச்சு? அது ஒண்ணுதான் உங்களுக்கு இருக்கற பிடி" என்றார். அதற்காகத்தான் இந்தப் பாடு என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் பழைய டிரைவரை மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று ஏதேதோ கட்டளைகளை அடித்தேன். எதை நீக்கினேனோ, கம்ப்யூட்டரைப் போட்டால் முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது. பெரிய எழுத்தும் போயிற்று, பாதி முகமும் போயிற்று.

அந்தக் கறுப்பில் என் முகம் தெரிந்தது. வீங்கின உதட்டோடு. அதைப் பார்த்துக் குத்தினேன். மானிட்டர் கண்ணாடி உள்ளே போனது, கையும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது தோல் கிழிந்து முழங்கை வரைக்கும் ரத்தம் வழிந்தது. வலி தெரியவில்லை. இடது கையால் மானிட்டரைத் தூக்கி வாசலில் எறிந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வலது கையில் விரல் நுனி மட்டும் வெளியே தெரியக் கட்டு. "எப்படிங்க ஆச்சு?" என்றார் நர்ஸ். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

கையைத் தூக்கவே முடியவில்லை. வீட்டு டிவியை எடுத்துவந்து கம்ப்யூட்டரில் மாட்டினேன், ஒற்றைக் கையால். ஹபீபா எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிடச் சொன்னார். "நீலத் திரை வந்தா என்ன பண்ணணும்னு குழுவுல பழைய பதில் ஒண்ணு இருக்கு அண்ணே. தேடிப் பாருங்க. அதவிடத் தெளிவா என்னால சொல்ல முடியாது" என்றும் எழுதினார்.

தேடினேன். பூங்கொடி எழுதியது. யாரோ ஒரு புது ஆளுக்குப் போன வருஷம் பதில் சொல்லியிருக்கிறாள்.

"டிரைவர் போடறப்ப ஒரு பாஸ்வேர்டு வெக்கச் சொல்லும். அத மறந்துராதீங்க. ரீஸ்டார்ட் பண்ணினா நீலமா ஒரு திரை வரும். கொஞ்ச நேரந்தான் நிக்கும். பயந்துட்டு எண்டர் தட்டிராதீங்க. புதுசா ஒண்ணு உள்ள வருது, உங்களுக்குச் சம்மதந்தானான்னு சிஸ்டம் கேக்குது. முதல் வரிய உட்டுட்டு ரெண்டாவது வரிக்குப் போங்க. அந்தப் பாஸ்வேர்டக் குடுங்க. கேக்கறதக் காதுலயே வாங்காமத் தட்டிட்டுப் போனீங்கன்னா, எத்தன தடவ போட்டாலும் அது டிரைவர உள்ள சேத்தாது. நிதானமாப் பண்ணுங்க, வந்துரும். இன்னைக்கு ஒரு கைலதான் டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்குங்க."

பொங்கலுக்கு மறுநாள் எழுதியிருக்கிறாள். ஞாபகம் இருக்கிறது. அந்தப் பொங்கலன்றைக்கு அவள் கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. மாவுக்கட்டுப் போட்டு மாசிவரைக்கும் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் வீட்டுக் கதவு ஒன்றுகூடச் சரியில்லை.

எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டு, டிரைவரை அவள் சொன்னபடியே போட்டேன். வேகமாகத் தட்ட எனக்குத்தான் கை இல்லையே. நீலத் திரை வந்தது. இடது கை ஒரு விரலால் கீழே நகர்ந்து இரண்டாவது வரிக்குப் போனேன். பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன். கம்ப்யூட்டர் திரும்பத் தொடங்கியது.

எழுத்தெல்லாம் சின்னதாகி, கோலப்புள்ளி மாதிரி சுத்தமாக வந்து நின்றது. டிவி முழுக்க நிறம். வாய்விட்டுச் சிரித்தேன், உதட்டில் காய்ந்திருந்த புண் மறுபடி பிளந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று யோசித்தால் பூங்கொடி ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள், அவளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஃபைலை நாளைக்குத் திறக்கிறேன். இன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் 18, புதன்

பார்த்தேன்.

தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஒரு இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவு தெளிவு, அவள் நெற்றியில் குங்குமம் உதிர்ந்திருப்பதுகூடத் தெரிகிறது.

ஒயர் நான் நினைத்த பக்கம் இல்லை. சுவர் ஓரமாகச் சுருட்டித்தான் வைத்திருக்கிறாள். அதனால் தடுக்கியது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும். என் கை வருகிறது. லென்ஸ் வைட் ஆங்கிள், தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பக்கத்தில் இருப்பது அதில் பெரிதாகத் தெரியும், மெதுவாகப் போவதுகூட வேகமாகப் போவது மாதிரி காட்டும். முதல் அடி காதோடு சேர்த்து விழுகிறது. தலை மேசையில் மோதுகிறது. அவள் எழப் பார்க்கிறாள், முடியைப் பிடிப்பது என் இன்னொரு கை. அப்புறம் கால். நான் என்ன பேசுகிறேன் என்று இங்கே எழுத வேண்டாம். கடைசியில் ஸ்டாண்டு சாய்ந்து தரை மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகும் சத்தம் ஓடுகிறது.

அது எனக்கு ஞாபகம் இருந்ததைவிட நீளமாக இருக்கிறது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவள் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், ஏதோ நிறத்தை எப்படிச் சரிசெய்வது என்று. கதவு திறக்கிற சத்தம். நான் இன்னும் படத்துக்குள்ளேயே வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் அவள் பேச்சை நிறுத்துகிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். கண்ணாடியின் இரண்டு காலையும் மடக்கி மேசை டிராயருக்குள் வைத்து மூடுகிறாள். அதன் பிறகுதான் எழுந்து நிற்கிறாள்.

கதவைத் திறந்ததற்கு ஒருத்தி ஏன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்? நான் அடிக்கப் போகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. கேமரா ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் நடிக்கிறாள். என்னைக் கிளப்பிவிட்டு, எல்லாவற்றையும் படம் பிடித்து, ஸ்டேஷனுக்குப் போவது என்று முன்கூட்டியே திட்டம். இதைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

மறுபடி ஒருமுறை பார்த்தேன். கண்ணாடியை வைத்துவிட்டு டிராயரைச் சத்தம் வராமல் மூடுகிறாள்.

ஜூன் 19, வியாழன்

வக்கீலுக்குப் போனில் விவரமாகச் சொன்னேன்.

"நல்லசிவம், அத வெளிய எடுக்காதீங்க."

"ஏனுங்க? அவ திட்டம் போட்டுப் பண்ணினது அப்பட்டமாத் தெரியுதே."

"உங்களுக்கு அப்படித் தெரியுதா?"

தொழில் தெரியாதவர். லட்சணமாக வாதாடுவார் என்று நம்பியது என் தப்பு. நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டுப் போட்ட கையால் எழுதுவதால் கோணலாக வருகிறது. உள்ளே ஏதோ டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த நோட்டை யாரும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தேன். இன்ஸ்பெக்டர் அமுதவல்லியின் அறையில் ஒரு மானிட்டர் இருந்தது, அதில் மாட்டச் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பூங்கொடி, காதில் பஞ்சு வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஈஸ்வரமூர்த்தி, மணிக்கட்டில் கட்டு. நடுவில் ஒரு பெண் போலீஸ்.

"நீங்களே கொண்டு வந்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானேதானுங்க மேடம். ஓட்டறதுக்கு டிரைவரே இல்லாம இருந்துச்சு. ரெண்டு வாரமா உக்காந்து நானே போட்டேன்."

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஓட்டினேன். பெண் போலீஸ் பாதியிலேயே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஈஸ்வரமூர்த்திக்கு அழுகை வந்துவிட்டது, பெரிய ஆள், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். தரை மட்டும் தெரிகிற இடத்தில் நிறுத்தப் போனேன். "ஓடட்டும்" என்றார். சத்தம் முடியும்வரைக்கும் கேட்டார்.

நான் படத்தைப் பின்னால் தள்ளிக் கண்ணாடி கழற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோனேன்.

"இங்க பாருங்க மேடம். நான் இன்னும் உள்ளயே வரல. வாயே தொறக்கல. அதுக்குள்ள எப்படிக் கழட்டி வெக்கறா பாருங்க. எல்லாம் திட்டம் மேடம். கேமராவுக்காக நடிக்கறா."

இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பூங்கொடியின் வலது பக்கமாகக் கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"ஏம்மா கழட்டின?"

"கண்ணாடி இல்லாம எனக்கு மிக்சிங் பண்ண முடியாதுங்க மேடம்" என்றாள். "ரெண்டு தடவ ஒடஞ்சு போச்சு. மறுநாள் வேல இருக்குமில்லீங்க."

கேஸுக்கும் மிக்சிங்குக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேச்சை மாற்றுகிறாள், படத்தைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்று சொல்லத்தான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. மானிட்டரைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். காட்டுவதற்காகத்தான். கட்டுப் போட்ட கை, அதை வைத்து யாரை என்ன செய்துவிட முடியும்?

பூங்கொடி என் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் கை மட்டும் தானாக மேலே போய்க் கண்ணாடியைக் கழற்றியது. மடக்கி, மடியில் வைத்து, அதன் மேல் இன்னொரு கையை வைத்து மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் போலீஸ் என் முன்னால் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர், "கைய எறக்குங்க" என்றார். எனக்கு இறக்கத் தெரியவில்லை. மானிட்டரில் அவள் கண்ணாடியை மடித்தபடி நின்றுபோயிருந்தாள், அதற்குப் பக்கத்தில் நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். மூலை, கதவுக்கு மேலே, அலமாரி, ஃபேன் பக்கம், எல்லா இடத்திலும் தேடினேன். கேமரா எங்குமே இல்லை.